தூள் தூவாத கிண்ணம்

மகளின் திருமணப் பதிவு மெல்பேர்னில், கொரோனாவால் விமானங்கள் ஓடாத காலத்தில் நடந்தது. நானும் இவரும் யாழ்ப்பாணத்தில் கைபேசித் திரையில் பார்த்தோம். மாப்பிள்ளையின் அம்மா அமெரிக்காவில், லூசியானா என்ற தெற்குப் பக்க மாநிலத்தில் இருந்து தன் திரையில் பார்த்தார். அந்தச் சின்னப் பெட்டிக்குள் கையசைத்ததோடு சம்பந்திகளின் அறிமுகம் முடிந்தது. அதனால்தான் ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு தாய்மாரையும் ஒன்றாக மெல்பேர்னுக்கு அழைக்க மகள் நினைத்தாள். இவருக்கு முழங்கால் ஏலாது. நான் தனியாகத்தான் போனேன்.

முதல் பயம் அந்த அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்பது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதுவும் சம்பந்தி. நாக்கு வரவில்லை. பல நாட்கள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். முன்னால் போய் நின்றுகொள்வேன், அவராகத் திரும்பிப் பார்ப்பார். அடுத்த பயம் சாப்பாடு. மாட்டிறைச்சி சமைப்பாரா, நான் வேண்டாம் என்றால் மனம் நோவாரா என்று பிளேனிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் நல்ல மனுசி என்றும் சமைக்க மிகவும் விருப்பம் என்றும் மகள் சொல்லியிருந்தாள். சமைக்க விருப்பம் என்பதுதான் எனக்கு யோசனை.

நான் போய் ஒரு கிழமைக்குப் பிறகு அவர் வந்தார். விமான நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்தோம். சோதனை மேசையில் பிடித்து வைத்துவிட்டார்களாம். மகனுக்காகக் கொண்டுவந்த புகையூட்டிய சொசேஜ் முழுவதையும் எடுத்துவிட்டார்கள் என்று காருக்குள் ஏறியதும் கண் கலங்கச் சொன்னார். ஒரு போத்தல் பச்சைத் தூளை மட்டும் விட்டிருந்தார்கள். என் முருங்கை விதைகளும் அதே இடத்தில்தான் போயிருந்தன. அதை நான் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துத் தட்டினார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மகளின் வீடு த பேசின் என்ற ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில். பின்பக்கக் கைப்பிடிச் சுவரில் பெரிய வெள்ளைக் கிளிகள் வந்து உட்கார்ந்து கத்தும். கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகளும் ஒரு குசினியும்தான்.

அவர் வந்த வெள்ளிக்கிழமையே சமைத்தார். சோற்றுக்கு மேல் செம்மண் நிறத்தில் குழம்பு, அதற்குள் நிறைய றால். எத்துஃபே என்றார். மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, தங்கள் ஊரிலும் ஈஸ்டருக்கு முந்திய வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடுவதில்லை என்றார். நான் வெள்ளியில் மரக்கறி என்று அவருடைய மகன் எப்போதோ சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவோ கத்தோலிக்கர். அவர்களுக்கு மீனும் றாலும் இறைச்சிக் கணக்கில் இல்லை. எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்.

மகள் வாயைத் திறக்கப் போனாள். மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவ்வளவு ஆசையோடு நிற்கிற மனுசியிடம் முதல் சாப்பாட்டையே எப்படித் தள்ளிவைப்பது? சாப்பிட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் மீன் தொடாதவள் றால் சாப்பிட்டேன். நல்ல ருசி, அதுதான் இன்னும் மோசம். றால் பதமாக வெந்திருந்தது, பட்டர் வாசம், கடைசியில் மெல்லிய உறைப்பு. மறுபடி போடட்டுமா என்று கேட்டபோது சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன். பிறகு அறைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் மகள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரப்போகும் பெரிய வெள்ளிக்குக் கீரை மட்டும் போட்டு ஒரு கம்போ செய்து இதற்கு ஈடு செய்வேன் என்று சொன்னார்.

கம்போ என்பது அவர்களுடைய ஊர்க் குழம்பு. சோற்றோடு சாப்பிடுவது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியற்கூழுக்கும் அதற்கும் தூரத்து உறவு என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஒரு தட்டு நிறைய ஒயிஸ்டர் சிப்பி வாங்கிவந்து பின்பக்கத்தில் வைத்துத் திறந்தார். அவர்கள் ஊரில் அதைப் பச்சையாக, தேசிக்காய் பிழிந்து விழுங்குவார்களாம். மகளும் அதற்கு அடிமை என்று அவரே முன்பு போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விழுங்கினேன். கடல் தண்ணீர் வாய்க்குள் போனது போல் இருந்தது. மகள் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். மருமகன் அவளை வற்புறுத்தவும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுடைய கோப்பையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைச் சலாட்டை ஒதுக்கினாள். மென்மையான சீஸை ஒதுக்கினாள். சாமான் பையைத் தூக்கப் போனால் மருமகன் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

கேட்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் வயிற்றில் ஒன்று வந்து தங்காமல் போயிருந்தது. அப்போது நிச்சயமான அன்றே போன் எடுத்துச் சொன்னாள். சந்தோசப்பட்டு முடிவதற்குள் அழுதுகொண்டு இன்னொரு போன். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் காரணம் இருக்கிறது. நான் கேட்டால் அவள் ஒன்றில் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டும். இவருக்குப் போன் எடுக்கும்போதும் வெயில், மழை, கிளி என்று பேசிவிட்டு வைத்தேன்.

வாயை மூடியதும் பயம் முழுவதும் குசினிக்குள் இறங்கியது. மருமகன் எனக்காக வாங்கிவந்த பப்பாசிப்பழம் ஃபிரிட்ஜில் இருந்தது. அவள் கைக்குப் போகக் கூடாது என்று இரண்டு நாட்களில் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அந்த அம்மா செவ்வாய்க்கிழமை கோழிக் கம்போ செய்தபோது நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. எண்ணெயில் கோதுமை மாவைப் போட்டு மரக் கரண்டியால் கிண்டத் தொடங்கினார். மா வெள்ளையாகி, பொன்னாகி, சிவந்து, இன்னும் கறுத்துக்கொண்டு போனது. கருகிவிட்டது என்றே நினைத்தேன். சொல்லவும் பயம், சொல்லாமல் நிற்கவும் பயம். சொக்லேட் நிறம் வந்தபோதுதான் வெங்காயமும் கப்சிகமும் செலரியும் கொட்டினார். சட்டி சீறியது. குசினி முழுக்க வறுத்த மா வாசம். கோழியும் வெண்டிக்காயும் போட்டு மத்தியானம் முழுவதும் கொதிக்க விட்டார். நன்றாக வெந்ததுதானே என்று மனத்தை ஆற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பச்சைத் தூள்? அதைக் கேட்டேன். சசாஃப்ராஸ் என்ற மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தது என்றார். வெண்டிக்காய் போட்டால் அது தேவையில்லை, கீரைக் கம்போவுக்குத்தான் போடுவார்களாம், தடிப்பாக வரும் என்றார். அறைக்குப் போய்க் கைபேசியில் தேடினேன். அந்த மரத்து வேரின் எண்ணெய் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. இலையில் ஒன்றுமில்லை என்று இன்னொரு இடம். எதற்கும் தவிர்ப்பது நல்லது என்று வேறொரு இடம். வேரா இலையா என்று மாறி மாறி வாசித்தேன்.

மகளிடம் சொன்னால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். அந்த அம்மாவிடம் சொன்னால் மகள் மறைப்பதை நான் போட்டுக்கொடுத்ததாகும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் போத்தலை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த நாள் காலையில் அது பழைய இடத்தில் இருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் வந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மகள் எங்களை டண்டினோங்கில் ஒரு மரக்கறிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கீரை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமாம், எத்தனை கீரை போடுகிறோமோ அந்த வருடம் அத்தனை புதுச் சிநேகிதர் கிடைப்பார்களாம். கடுகுக்கீரை, பசளி, பீற்றூட் இலை, முள்ளங்கி இலை என்று அந்த அம்மா கூடையில் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து இலங்கைக் கடையில் பொன்னாங்காணி இருந்தது. அதை எடுத்து நீட்டினேன், மணந்து பார்த்துத் தலையாட்டினார். வல்லாரையும் இருந்தது. அதைக் காட்டவில்லை, யாரோ பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடாது என்று சொன்ன ஞாபகம். அவரும் ஒரு பிடி பார்ஸ்லியை எடுத்து, என்னவோ யோசித்து, திரும்ப வைத்துவிட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிய வெள்ளி. கடைகள் எல்லாம் பூட்டு. காலையிலிருந்து இருவருமாகக் கீரை கழுவி அரிந்தோம். இறைச்சி இல்லை, மீன் இல்லை, சாறுகூட வெங்காயமும் செலரியும் அவித்த தண்ணீர்தான். எனக்காகப் புதுச் சட்டி ஒன்றையே மகனைக் கொண்டு வாங்குவித்திருந்தார். இவ்வளவு செய்கிற மனுசியின் போத்தலை நான் ஒளித்துவைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுப்பில் கீரை அடங்கி வரும்போது என் கண் அந்தப் போத்தலில்தான் இருந்தது. சட்டிக்குள் அவர் அதைப் போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

நாலு கிண்ணத்தில் சோறு வைத்து, மேலே கரும்பச்சைக் குழம்பை ஊற்றி, எல்லோரும் கதிரையில் உட்கார்ந்த பிறகு அந்தப் போத்தலை மேசைக்குக் கொண்டுவந்தார். இது கொதிக்கக் கூடாது, நூல் நூலாக வந்துவிடும், சாப்பிடும்போதுதான் தூவ வேண்டும் என்று எனக்கு விளக்கினார். என் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை. தன் மகனின் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை. அடுத்தது மகள்.

தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அவர் கை மகளின் கிண்ணத்துக்கு நேரே வந்தது. நிற்காமல் அதைத் தாண்டி அவருடைய கிண்ணத்துக்குப் போய் அங்கே தூவியது. போத்தலை மூடிவிட்டார். ஏதோ பேசிக்கொண்டிருந்த மகளும் மருமகனும் கவனிக்கவில்லை. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்போ எப்படி இருந்தது என்று கேட்டால், எங்கள் கீரைக்கடையலை யாரோ வறுத்த மாவில் கரைத்தது போல் என்றுதான் சொல்ல முடியும். கொஞ்சம் கசப்பு. நான் முழுவதையும் சாப்பிட்டேன். மகளும் சாப்பிட்டாள்.

கோப்பை கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"ஒயிஸ்டர் வேண்டாம் என்றபோது," என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "உங்களுக்கு?"

"விமான நிலையத்தில். எல்லோரும் கோப்பி குடித்தோம். அவள் குடிக்கவில்லை."

அப்போதுதான் பார்ஸ்லி ஏன் திரும்பப் போனது என்று விளங்கியது. பப்பாசிப்பழக் கதையை அவருக்குச் சொன்னேன். பழம் எங்கே போகிறது என்று தானும் யோசித்ததாகச் சொல்லிச் சத்தம் வராமல் சிரித்தார். பிறகு முகம் மாறியது. முந்தியது தங்காமல் போனதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மகனுக்கு முன் தனக்கும் இரண்டு தங்கவில்லை என்றார். பிள்ளைகளாகச் சொல்லும்வரை நாங்கள் ஒன்றும் அறியாதவர்களாக இருப்போம் என்று அங்கேயே பேசிக்கொண்டோம்.

அடுத்த நாள் காலையில், பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறோம் என்று மருமகன் சொன்னார். பாண் வாங்க இருவர் எதற்கு? மகளின் முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்க்காமல் போனாள். ஜன்னலால் பார்த்தேன். அவள் ஏறுவதற்கு முன் மருமகன் கார் இருக்கையில் ஒரு துவாயை மடித்து விரித்தார்.

அந்த அம்மாவும் எனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார்.

பத்து மணியானது, பதினொன்றானது. மருமகனின் போன் அடித்து அடித்து நின்றது. மகளின் போனோ குசினி மேசையிலேயே கிடந்து சத்தம் போட்டது. யாரைக் கேட்பது, எங்கே போவது? எந்த ஆஸ்பத்திரி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு நினைவுதான். அந்த வெள்ளிக்கிழமை றால். மறுபடி போடச் சொல்லிக் கோப்பையை நீட்டினேனே. வாய்விட்டு அதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்படிப் பார்த்தால் சமைத்தவள் நானல்லவா, உங்கள் சாமி என்னோடுதான் கோபிக்க வேண்டும் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கையில் ஜெபமாலை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயும் மாவும் போட்டார். ஈஸ்டருக்குச் சமைக்கத்தானே வேண்டும் என்றார். அந்த நேரத்திலா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. ஆனால் கிண்டுவதை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் மா கருகும், வேறொன்றையும் பார்க்க ஏலாது. அவர் கை களைத்ததும் கரண்டியை என்னிடம் தந்தார். என் கை களைத்ததும் வாங்கிக்கொண்டார். சட்டியின் அடியைச் சுரண்டுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் வாய்க்குள் ஓடியது. மா எப்போது சிவந்தது, எப்போது கறுத்தது என்று தெரியாது. இறக்கிவைத்த பிறகும் இருவரும் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

கார் வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. மகள் மெதுவாக நடந்து உள்ளே வந்தாள். மருமகன் அவள் முதுகில் கைவைத்திருந்தார்.

"அம்மா, இருங்கோ. ரெண்டு பேரும் இருங்கோ," என்றாள். எங்களால் இருக்க முடியவில்லை.

"நான் பிரெக்னன்ட். விடிய ரத்தம் கொஞ்சம் பட்டது, பயந்து போனம். ஸ்கேன் எடுத்தவை. ஹார்ட்பீட் இருக்கு அம்மா. நல்லா அடிக்குது."

மருமகன் ஆங்கிலத்தில் அதையே தன் அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கியவர், எங்கள் முகங்களைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். மகளும் பார்த்தாள்.

"உங்களுக்கு முதலே தெரியுமே?"

"ஓம் பிள்ளை."

"பிறகு ஏன் கேக்கேல்லை?"

"நீ சொல்லேல்லை."

அப்போதுதான் அவள் அழுதாள். நான் பக்கத்தில் போவதற்குள் அந்த அம்மா போய் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு கணம் எனக்கு அது சுட்டது, பொய் சொல்லக் கூடாது. பிறகு மகள் கையை நீட்டி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மூவருமாக அந்தக் குசினி வாசலில் நின்றோம்.

பயம் அன்றோடு போகவில்லை. ஓய்வு எடுக்க வேண்டும், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தியர் சொல்லியிருந்தார். ஈஸ்டர் அன்று கோழியும் சந்தையில் கிடைத்த புகைச் சொசேஜும் போட்ட கம்போவை மகள் சாய்கதிரையில் படுத்தபடியே சாப்பிட்டாள். மருமகன் த பேசினில் உள்ள விநாயகர் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனபோது அந்த அம்மாவும் வருவேன் என்று வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நான் விழுந்து கும்பிட்டு எழும்பும்வரை என் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கேதான் முதல்முறையாக அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். தனக்குத் தங்கை இல்லை என்றார்.

மே மாதம் நான் ஊருக்குத் திரும்பினேன். ஒவ்வொரு காலையும் போன் வரும்வரை தேத்தண்ணீர் இறங்காது. மறுபடி போவதற்கான என் விசா இழுத்துக்கொண்டே போனது. பிள்ளை பிறந்தபோது அக்காதான் பக்கத்தில் இருந்தார். பெண் பிள்ளை. பிரசவ அறைக்கு வெளியிலிருந்து எனக்குப் போன் எடுத்து, அழுகிறாள், அழுகிறாள் என்று இரண்டு தரம் சொன்னார். யார் அழுகிறது என்று நான் பதறிக் கேட்க, குழந்தை என்றார். இவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

விசா கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா திரும்பிப் போயிருந்தார். குசினியில் அந்தக் கம்போச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. கழுவ வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் எடுத்துக் கழுவி, பிள்ளை பெற்ற உடம்புக்குக் கொடுக்கிற மருந்துச் சரக்கை மகளுக்குக் காய்ச்ச அடுப்பில் வைத்தேன்.